மணிலாவில் 11ஆம் தேதி, மும்பையில் 15ஆம் தேதி: அந்த மேடை எப்படிங்க வந்துச்சு?

டோம்பிவிலி மணி

ரொம்ப நாளா மண்டையில ஓடுற கேள்வி. 2019 டிசம்பர் 15, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துல அயர்லாந்து ராக் குழு யூ2வோட கச்சேரி பார்த்தேன். இந்தியாவுல அவங்க வாசிச்சது அதுதான் முதல் தடவை. ஏ.ஆர். ரஹ்மான் மகள்களோட மேடையேறினப்ப பக்கத்துல நின்ன பஞ்சாபிப் பையன், நான் தமிழன்னு தெரிஞ்சதும் ரஹ்மானே நான்தான்ங்கிற மாதிரி கட்டிப்பிடிச்சுக்கிட்டான். அவங்க பாடகர் போனோ பாடினதை விட எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு.

விஷயம் என்னன்னா, அவங்களுக்குப் பின்னாடி நின்ன திரை. 61 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம். வீட்டுக்கு வந்து டூர் பட்டியலைப் பார்த்தா டிசம்பர் 4, 5 ஜப்பான், 8 சியோல், 11 மணிலா, 15 இங்க. நான் மாட்டுங்காவுலேர்ந்து டோம்பிவிலிக்கு வீடு மாறினப்ப ஒரு டெம்போ சாமான் ஏத்தி இறக்க ரெண்டு நாள் ஆச்சு, மிக்ஸி ஜார் மூடி இன்னும் கிடைக்கல. இவங்க எப்படி நாலு நாள்ல நாடு விட்டு நாடு? இந்தத் தொழில்ல இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

ஸ்காபரோ லோடர்

மணி தம்பி, மும்பைக்கு நான் வரேல்லை. ஆனா இதே யூ2 ஆக்கள் 2009 செப்டெம்பரில ரொறொன்ரோவுக்கு வந்தபோது சாமான் இறக்கின கூட்டத்தில நானும் ஒருத்தன். உள்ளூர்க் கையாள். பெரிய உத்தியோகம் எண்டு நினைக்காதைங்கோ. இரும்பு மூக்குச் சப்பாத்து, இடுப்பில கயிறு கட்டின ஒரு ஸ்பானர், அவ்வளவுதான்.

அது 360 எண்ட டூர். மைதானத்துக்கு நடுவில நாலு கால் வைச்ச ஒரு பெரிய இரும்புச் சிலந்தி, அதுக்குக் கீழ இவை நாலு பேரும் நிண்டு வாசிக்கினம். ‘நகம்’ எண்டு பேர் வைச்சிருந்தவை. உச்சிக் கோபுரத்தோட 50 மீட்டர். லொஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில நாலு காலில நிக்கிற அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். அந்தச் சிலந்தி ஒண்டு இல்லை, மூண்டு. ஒண்டில கச்சேரி நடக்கேக்க அடுத்த ஊரில இரண்டாவதைப் பூட்டிக்கொண்டு இருப்பாங்கள். மூண்டாவது, முந்தின ஊரில கழட்டி லொறியில ஏறிக்கொண்டு இருக்கும். ஒரு சிலந்தியைப் பூட்டி முடிக்க மூண்டு நாலு நாள் வேணும். ஒண்டை மட்டும் வைச்சிருந்தா கிழமைக்கு ஒரு கச்சேரிதான். பெரிய மைதான டூருகளில இரும்பை இப்பிடி மாத்தி மாத்தி வைக்கிறது வழமை.

ஆனா ஒலி, ஒளி, திரை, அவையின்ர கருவியள் எல்லாம் ஒரே ஒரு செட். அதுதான் ஒவ்வொரு ஊருக்கும் கூடவே ஓடுறது, எங்களைப் பிழிஞ்சு எடுக்கிறதும் அதுதான். கடைசிப் பாட்டு முடிஞ்சு சனம் வாசலுக்குப் போய்ச் சேர முன்னமே ஃபோர்க் லிஃப்ட் உள்ள வந்திடும். பெட்டி எல்லாம் சில்லு பூட்டின கறுப்புப் பெட்டி. லொறியின்ர உள் அகலத்துக்குக் கணக்காச் செய்தது. இத்தனை பெட்டியைப் பக்கத்துப் பக்கத்தில வைச்சா ஒரு விரல் போக இடமிராது. ஒவ்வொண்டிலயும் நிற ஸ்டிக்கரும் லொறி இலக்கமும் இருக்கும். அடுத்த ஊரில முதல் தேவைப்படுறது கடைசியா ஏற வேணும். நான் முதல் இரவு ஒரு கேபிள் பெட்டியைப் பக்கத்து லொறிக்கை தள்ளிப்போட்டன். அதுக்குப் பின்னால ஆறு பெட்டி ஏறினாப் பிறகுதான் கண்டுபிடிச்சினம். ஆறையும் இறக்கி, அதை எடுத்து, திரும்ப ஆறையும் ஏத்தினது. ஒருத்தரும் ஏசேல்லை. அது ஏச்சிலும் பாக்க மோசம்.

உங்கட மிக்ஸி மூடிக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா கிடைச்சிருக்கும்.

திண்டுக்கல் சவுண்டு

லோடர் அண்ணே, நாங்களும் அதே வேலைதான் பண்றோம், அளவுதான் சின்னது! பங்குனி, சித்திரையில கோயில் திருவிழா வரிசையா வந்தா ரெண்டு செட் சீரியல் லைட், ஒரே ஒரு சவுண்டு மிக்சர். கம்பம் நடுற பசங்க ஒரு நாள் முன்னாடியே போயிடுவாங்க, நான் மிக்சரை மடியில வச்சுக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா வேன்ல போவேன்.

ஒரு சந்தேகம். எங்க வேனையே செக்போஸ்ட்ல நிறுத்தி பில்லு எங்கன்னு கேட்பாங்க. அம்புட்டு சாமானையும் சுங்கத்துல எப்படி விடுறாங்க? வரி கட்டுவாங்களா?

வடபழனி ஆடிட்டர்

எனக்கு வேற சந்தேகம். மூணு மேடை, மூணு கூட்டம் ஆளு, இதுக்கெல்லாம் எங்கிருந்து காசு? எங்கேயோ கணக்கு இடிக்குது.

ஸ்காபரோ லோடர்

திண்டுக்கல் தம்பி, ‘மிக்சரை மடியில’ எண்டு வாசிச்சுச் சிரிச்சுப்போட்டன். சுங்கத்துக்கு ‘கார்னே’ எண்டு ஒரு பத்திரம் இருக்கு. சாமானுக்கு அது பாஸ்போர்ட் மாதிரி, ஒரு வருசம் செல்லும். உள்ள என்ன இருக்கெண்டு ஒவ்வொண்டா எழுதியிருக்கும். விக்க வரேல்லை, கொண்டுவந்ததை அப்பிடியே திருப்பிக் கொண்டுபோறம் எண்டு உத்தரவாதம், அதால வரி இல்லை. ஆனா வந்தது நூறெண்டா போறதும் நூறா இருக்க வேணும். உடைஞ்ச மைக் ஸ்டாண்டைக் குப்பையில போட்ட ஒரு பொடியனை அதைத் திரும்ப எடுக்க விட்டது எனக்குத் தெரியும்.

ஆடிட்டர் ஐயா, கணக்கு இடிக்கேல்லை. மேடை நடுவில நிண்டா பின்பக்கம் எண்டு ஒண்டு இல்லை, சுத்திவர எல்லாச் சீட்டும் விக்கலாம். 110 கச்சேரி, 72 லட்சத்துக்கு மேல சனம், வசூல் 73 கோடியே 60 லட்சம் டொலர். 2019இல இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் முந்தும்வரைக்கும் உலகத்தில அதுதான் முதலாவது. ஆனா செலவும் அப்பிடி. கச்சேரி நடந்தாலும் நடக்காட்டிலும் ஒரு நாளைக்கு ஏழரை லட்சம் டொலர் போகுதெண்டு அவையின்ர மேனேஜரே சொன்னவர். ஆருக்காவது காய்ச்சல் வந்தாச் சரி. வந்தது காய்ச்சல் இல்லை, 2010 மே மாதம் போனோவுக்கு நாரியில, அதுதான் முதுகின்ர கீழ்ப்பக்கம், காயம். ம்யூனிக்கில அவசர அறுவைச் சிகிச்சை. அந்தக் கோடைக்கு ரொறொன்ரோவில வைச்சிருந்த கச்சேரி 2011 ஜூலை 11க்குத் தள்ளிப்போச்சு. பாட்டுக்காரனின்ர ஒரு முள்ளந்தண்டு பிசகினா எத்தினை லொறிச் சாரதிக்கு வேலை நிக்குது, பாருங்கோ. எனக்கும் அந்தக் கிழமைக் கூலி போனது, பிறகு ஒரு வருசம் கழிச்சுத்தான் வந்தது.

டோம்பிவிலி மணி

அண்ணே, கோடி நன்றி. மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன், ஸ்டிக்கர் வாங்கி வச்சிருக்கா. கடைசியா ஒண்ணு: டூர் முடிஞ்சப்புறம் அந்த மூணு சிலந்தியும் என்ன ஆச்சு?

ஸ்காபரோ லோடர்

கடைசிக் கச்சேரி 2011 ஜூலை 30, எங்கட கனடாவிலதான், மொங்க்டன். அந்தச் சிலந்தியில ஒண்டு இப்ப அமெரிக்காவில யூட்டா மாநிலம், ட்ரேப்பர் எண்ட ஊரில இருக்கிற மீன் காட்சியகத்துக்கு முன்னால நிக்குது. போன வருசம் மகள் அந்தப் பக்கம் போகேக்க படம் எடுத்து அனுப்பினவள். “அப்பா, இதையா நீங்கள் பூட்டினது?” எண்டு. இல்லைப் பிள்ளை, இரும்பு பூட்டினது பெல்ஜியத்துக்காரர், நான் கேபிள் பெட்டி தள்ளினது எண்டு பதில் போட்டன். கால் மட்டும் தெரியிற இன்னொரு படம் வந்தது. பெயின்ற் மாத்திப்போட்டாங்கள் போல.