ஹெல்மெட் போட்டால் ஹார்ன் கேட்காதா?

கேள்வி (மதுரை வாசி):
ஹெல்மெட் போட்டால் பின்னால் அடிக்கும் ஹார்ன் கேட்காது, பக்கவாட்டில் வண்டி தெரியாது என்று மச்சான் சாதிக்கிறார். அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் கட்டாயமில்லையாம், இங்கே மட்டும் எதற்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறார். யாராவது உருப்படியாக ஆராய்ந்திருக்கிறார்களா? வாட்ஸ்அப் ஃபார்வர்டு வேண்டாம்.

பதில் (ஸ்பேர்ஸ் கடைக்காரர், தஞ்சாவூர்):
ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஹெல்மெட்டால் ஹார்ன் கேட்காமலோ பார்வை மறைந்தோ விபத்து நடந்ததாக அதில் இல்லை.

மச்சானுக்குப் பிடித்த சேதியும் அதிலேயே உண்டு. வேறு வண்டியோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் வழிவிடாததால் நடந்தவை. பைக் ஓட்டியவர்களில் 92% பேர் தாமாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்கள். இங்கேயும் எட்டு போட்டால் லைசென்ஸ். குறுக்கே திடீரென்று கார் திரும்பினால் எப்படி பிரேக் பிடிப்பது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? சட்டம் அபராதத்தோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம்.

"போலீஸுக்குக் காட்ட ஒண்ணு கொடுங்க" என்றே பலர் கேட்டு வருகிறார்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கக் கூடாது. ரோட்டோரக் குவியலில் இன்னும் கிடைக்கிறது. உள் துணியை விலக்கிப் பாருங்கள், கெட்டியான தெர்மோகோல் அடுக்கு இருக்க வேண்டும். தலைக்கு வரும் அடியை நசுங்கி வாங்கிக்கொள்வது அதுதான். வெறும் ஓடும் ஸ்பாஞ்சும் என்றால் அது தொப்பி. அப்புறம், தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் நல்ல ஹெல்மெட்டும் விழுந்த வேகத்தில் கழன்று ஓடிவிடும்.

பதில் (டெட்ராய்ட்டிலிருந்து):
அமெரிக்கக் கதை நிதி சம்பந்தப்பட்டது. ஹெல்மெட் சட்டம் போடாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியை வெட்டலாம் என்று 1966-இல் மத்திய அரசு வைத்த நிபந்தனையை 1976-இல் நீக்கினார்கள். அதன்பின் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. எங்கள் மிச்சிகன் 2012-இல்தான் தளர்த்தியது. அதுவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும், 20,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும், கூடவே பயிற்சியோ 2 ஆண்டு பைக் லைசென்ஸோ வேண்டும். உங்கள் மச்சான் அந்தக் காப்பீட்டுக்குத் தயாரா?

மதுரை வாசி:
ஹார்னை விட்டுவிட்டார், இப்போது வியர்வை என்கிறார். இந்த வெயிலுக்கு அரை ஹெல்மெட் போதுமா அண்ணே?

ஸ்பேர்ஸ் கடைக்காரர்:
வேண்டாம், முகம் மூடியதே வாங்குங்கள். காற்றுத் துளை உள்ளதாக, உள் துணியைக் கழற்றித் துவைக்கிற மாதிரி பார்த்து எடுங்கள்.