சல்ஃபா மருந்துகளைக் ‘கந்தக மருந்து’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியாத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் சல்ஃபா வகை மருந்துகளுக்குக் ‘கந்தக மருந்து’ என்ற பெயரை நண்பர் ஒருவர் முன்வைத்திருக்கிறார். எளிய சொல்தான், ஆயினும் மருந்துக் கடையில் நாள்தோறும் சீட்டுகளைப் படிப்பவன் என்ற முறையில் அதை ஏற்க என்னால் இயலவில்லை.

கந்தகம் ஒரு தனிமம். முட்டையிலும் பூண்டிலும், ஏன், நம் உடற்புரதங்களில் உள்ள மெத்தியோனின், சிஸ்டைன் என்னும் அமினோ அமிலங்களிலும் அது இருக்கிறது. சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர், அந்த ஒரு காரணத்துக்காக, சிரங்குக்கான கந்தகக் களிம்பையோ, கர்ப்பகால வலிப்புக்குப் போடும் மெக்னீசியம் சல்பேட் ஊசியையோ விலக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர் சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்துக் காட்டினார். ‘கந்தகம் ஒவ்வாது’ என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பி முட்டையையும் பூண்டையும் நெடுங்காலமாக ஒதுக்கி வந்திருக்கிறார். ஆனால் சிறுநீர்த் தொற்றுக்காக அன்று அவர் வாங்க வந்ததோ கோட்ரைமாக்சசோல்; 800 மி.கி. சல்ஃபாமெதாக்சசோலும் 160 மி.கி. டிரைமெத்தோபிரிமும் அடங்கிய மாத்திரை. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்தத் தாளில் இருந்த சொல் உணவை விலக்க வைத்தது, விலக்க வேண்டிய மருந்தைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எனவே பெயரை மருந்தின் செயலிலிருந்து எடுக்கலாம். ஜெர்மன் ஆய்வாளர் கெர்கார்ட் டோமாக் 1932இல் பிரான்டோசில் என்னும் சிவப்புச் சாயம் எலிகளைத் தொற்றிலிருந்து காப்பதைக் கண்டார். 1935இல் அம்முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டில் பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள், உண்மையில் வேலை செய்வது சாயமன்று, உடலுக்குள் அதிலிருந்து பிரியும் சல்ஃபனிலமைடே என்று காட்டினர். பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய ஃபோலேட் என்னும் பி வைட்டமினைத் தாமே ஆக்கிக்கொள்பவை. அதற்கான மூலப்பொருளைப் போன்ற உருவில் சல்ஃபா நுழைந்து, ஃபோலேட்டை ஆக்கும் நொதியில் அம்மூலப்பொருள் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாம் ஃபோலேட்டை உணவிலிருந்து பெறுவதால் நமக்கு அந்தத் தடை இல்லை. தனித்துக் கொடுக்கப்படும் சல்ஃபா பாக்டீரியாவைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்துகிறது. ஆகவே ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்பது பொருந்தாது. ‘சல்ஃபா நுண்ணுயிர்த்தடுப்பி’ என்பது என் பரிந்துரை. சுருக்கமாகச் ‘சல்ஃபாத் தடுப்பி’ எனலாமே என்று தோன்றும். ஆனால் ‘தடுப்பு’ என்றதும் மக்கள் தடுப்பூசியை நினைப்பர். ஆதலால் ‘நுண்ணுயிர்’ என்பதை விடக்கூடாது.

தீப்புண்ணுக்குப் பூசும் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பும் இப்பெயருக்குள் அடங்கும். மாறாக, நீர் பிரிக்கும் ஃபியூரோசமைடும் சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடும் வேதி அமைப்பில் சல்ஃபா மருந்துகளைப் போலச் சல்போனமைடுகளே ஆனாலும் நுண்ணுயிர்த்தடுப்பிகள் அல்ல. தொற்று மருந்தில் ஒவ்வாமையைத் தூண்டும் அரைல் அமீன் பகுதி இவற்றில் இல்லாததால், ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போவது அரிது. ‘கந்தக மருந்து’ என்றால் தொற்று மருந்தும் இவையும் ஒரே கூடையில் விழும். இதய நோயாளி ஒருவருக்கு வேண்டிய மருந்து வீணே மறுக்கப்படும்.

‘ஒவ்வாமை’ என்ற சொல்லையும் கவனத்துடன் ஆள வேண்டுகிறேன். குமட்டல் பக்க விளைவு; ஒவ்வாமை அன்று. ஜி-6-பி-டி நொதிக் குறைபாடு உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் சிதைவதும் ஆபத்தானதே எனினும் ஒவ்வாமை அன்று. காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் கொப்புளமும் தோன்றித் தோல் உரிவது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறித்தொகுதி. அது ஒருமுறை வந்தவருக்கு அம்மருந்தை மீண்டும் கொடுக்கவே கூடாது. நோயாளியின் மருத்துவ அட்டையில் ‘சல்ஃபா ஒவ்வாது’ என்பதோடு மருந்தின் முழுப்பெயரும், அன்று நேர்ந்தது என்ன என்பதும் எழுதப்பட வேண்டும்.

இறுதியாக எழுத்துமுறை. ஆய்தம் வேண்டாம், ‘சல்பா’ போதும் என்போரின் கருத்தை மதிக்கிறேன். எனினும் ‘இயல்பு’ என்பதில் வருவது போல, அந்தப் ‘ப’வை b ஒலியில் படிப்பவர் உண்டு. மருத்துவர் வாயால் கேட்ட சொல்லும் அட்டையில் உள்ள சொல்லும் ஒன்றே என்பது நோயாளிக்கு உடனே விளங்க வேண்டும் என்பதால், இவ்விடத்தில் ‘ஃ’ இருக்கட்டும் என்கிறேன்.