ரெட்டை மாரியும் விசிறி இறக்கையும்: அப்புச்சியின் விமானப்படைத் தாள்களைத் தேடிய கதை

அம்மாப்பேட்டையிலிருந்து

வீட்டுப் பெரியவங்க யாராவது இரண்டாம் உலகப் போர்ல விமானப்படையில இருந்திருந்தா, அவங்க ரெக்கார்டை எப்படித் தேடினீங்கன்னு போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். "முதல்ல உன் கதையைச் சொல்லு"ன்னு பதில் வந்தது. நியாயம்தான்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி அவர். நான் ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்த அப்புச்சி செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். தெருவில் பஸ் போகிற சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் சரியில்லை என்று திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லுவார். "ஏரோப்ளேன்ல இருந்தேன்" என்பார். அதற்கு மேல் கேட்டால் வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்வார்.

போன வருஷம் பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகர ட்ரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே அந்துருண்டை வாசம், இத்துப்போன காக்கிச் சட்டை, இரண்டு போட்டோ, ஒரு ஆறுமுனை நட்சத்திர மெடல். மெடல் ரிப்பனுக்கு நடுவில் அகலமாகச் சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் மெல்லிசாக ஒரு ஆரஞ்சுக் கோடு. அடியில் கரையான் தின்ற தாள் ஒன்று. மேல்வரி மட்டும் மிச்சம்: 'ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்'. நம்பர் இருக்கவேண்டிய மூலையைக் கரையான் பார்த்துப் பார்த்துத் தின்றிருந்தது.

'ராயல்' என்று கண்ணில் பட்டதும் வெள்ளைக்காரன் படையிலேயே இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு லண்டனுக்கு எழுதினேன். நாலு மாசம் தண்டம். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ல் ஆரம்பித்தது. போரில் காட்டிய சாதனைக்காக 1945 மார்ச்சில்தான் அதற்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார்கள், 1950-ல் குடியரசு ஆனதும் அது போய்விட்டது. அந்தச் சொல் இருப்பதால் தாள் 1945 மார்ச்சுக்குப் பிறகு அச்சானது என்று மட்டும்தான் தெரிந்துகொள்ளலாம். அந்தப் படை வேறு, பிரிட்டிஷ்காரர்களின் ராயல் ஏர் ஃபோர்ஸ் வேறு. இது தெரியாமல் என்னை மாதிரி எத்தனை பேர் தபால் செலவு பண்ணியிருப்பார்களோ.

அப்புறம் டெல்லி. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பினேன். 30 நாளுக்குள் ஒரு ஆபீசிலிருந்து பதில் வந்தது, சர்வீஸ் நம்பர் இல்லாமல் தேட முடியாது என்று. மேல்முறையீடு போட்டேன். இந்தத் தடவை பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் வந்தன. அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டார். ராத்திரி உட்கார்ந்து நிதானமாகப் படிக்கும்போதுதான் பார்க்கிறேன், ஊர் திருநெல்வேலி, தகப்பனார் பெயர் வேறு. யார் வீட்டுத் தாத்தாவோ! அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

நம் பெயர்கள் இந்த வேலைக்குப் பெரிய வில்லங்கம். குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சேலத்துக்காரருக்கு 'எஸ்' என்றால் அது ஊரா, அப்பாவா? பழனிசாமி மாதிரி ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். அன்றைக்கு ஆள் எடுத்த இடத்தில் பஞ்சாப் கிளார்க் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பதிவாகியிருக்கும். அதனால் பெயரை நம்பாதீர்கள், நம்பரைப் பிடியுங்கள்.

நம்பர் எங்கே கிடைத்தது தெரியுமா? இங்கேயே, சேலத்திலேயே. பென்ஷன் இல்லாமல் விலகிய இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் நிதியுதவி கொடுத்து வருகிறது. அம்மாயி அதை வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அம்மாவுக்குத் திடீரென்று ஒருநாள் ஞாபகம் வந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அரை நாள் தேடி, கட்டுக்கு நடுவிலிருந்து அம்மாயி கைநாட்டு வைத்த விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் நம்பர், பதவி, விலகிய தேதி மூன்றும் இருந்தன. பதவி எல்.ஏ.சி. என்று போட்டிருந்தது.

இன்னும் இரண்டு விஷயம் பிடிபடவில்லை. போட்டோவில் சட்டைக் கையில் ஒரு சின்னம், ஃபேன் இறக்கை மாதிரி. "ஏரோப்ளேன்ல ஃபேன் மாட்டுற வேலையா இருந்திருக்கும்"னு மாமா கிண்டல் பண்ணுகிறார். இன்னொரு போட்டோவில் மூக்கு பருத்த ஒரு விமானம். மேலே நீளமாகக் கண்ணாடி மூடி, அதில் இரண்டு பேர். இறக்கை நேராக இல்லாமல் முறித்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. கூடவே அம்மாயி அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை: "உங்க அப்புச்சி டபுள் மாரியில இருந்தப்போ..." கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில்தான் அம்மாயி இதைச் சொல்லும். எங்கோ வடக்கே ரெட்டை மாரியம்மன் கோயில் இருக்கிற ஊர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். யாருக்காவது தெரியுமா?

சூரமங்கலத்திலிருந்து, ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர்

தம்பி, அது ஃபேன் இல்லை, புரொப்பெல்லர். இரண்டு இலை புரொப்பெல்லர் கையில் இருந்தால் லீடிங் ஏர்கிராஃப்ட்ஸ்மேன், அதுதான் எல்.ஏ.சி. பைலை நீங்கள் எடுக்கும் முன்பே போட்டோ அதைச் சொல்லிவிட்டது. கார்ப்பரலுக்கு ஒருபடி கீழே, ஆனால் விமானத்தில் கைவைத்து வேலை பார்க்கிறவர் பெரும்பாலும் அவர்தான். உங்கள் மாமா என் கையில் கிடைத்தால் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

விமானம் எது என்பதிலும் சந்தேகம் வேண்டாம். இறக்கை முறிந்த மாதிரி, இரண்டு பேர் உட்கார நீளக் கண்ணாடி என்றால் அமெரிக்காவில் செய்த வல்ட்டி வெஞ்சன்ஸ். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் ரகம். மூக்கு பருத்திருப்பதற்குக் காரணம், உள்ளே 14 சிலிண்டர் ரேடியல் எஞ்சின். எண்ணெயைக் குடிக்கும், சூடேறும், ஆரம்பத்தில் எல்லோர் உயிரையும் வாங்கியது. பஸ் சத்தத்தில் சிலிண்டர் எண்ணியவர் அந்தக் காதை எங்கே பழக்கினார் என்று இப்போது தெரிகிறதா?

இந்திய விமானப்படையில் வெஞ்சன்ஸைப் போருக்குக் கொண்டுபோனவை இரண்டே ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்), 7-ம் 8-ம். 7 அஸ்ஸாமில் சில்சர் பக்கம் உதர்பந்தில் இருந்தது. 8-ஆவது 1943 டிசம்பரில், இன்றைய வங்கதேசத்துச் சிட்டகாங்கிலிருந்து பர்மாவின் அரக்கானுக்குப் பறக்க ஆரம்பித்தது. அந்த ஓடுதளத்தின் பெயர் டபுள் மூரிங்ஸ்!

மாரியும் இல்லை, கோயிலும் இல்லை. டபுள் மூரிங் இன்றைக்கும் சிட்டகாங் நகரத்தில் ஒரு பகுதியின் பெயர். அப்புச்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அம்மாயி காதில்தான் அது மாரியம்மனாக விழுந்திருக்கிறது. உங்கள் மெடல் பர்மா ஸ்டார். பர்மாவுக்குள் கால் வைத்தவர்களுக்குத்தான் அது என்று நினைக்கவேண்டாம், வங்காளம், அஸ்ஸாமில் குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கும் உண்டு. சிட்டகாங் கணக்கோடு பொருந்துகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏமாறவேண்டாம். ஸ்குவாட்ரனின் தினசரிப் பதிவேட்டை ஓ.ஆர்.பி. என்போம். அதில் ஃபார்ம் 540 அன்றாட நிகழ்ச்சிகளைச் சொல்லும். ஃபார்ம் 541-ல் எந்த விமானம், யார் ஓட்டினார்கள், எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று வரிவரியாக இருக்கும். பறந்தவர்கள் பெயர்தான் வரும். கீழே நின்று ஸ்பானர் பிடித்தவன் பெயரை அதில் தேடினால் கண்தான் வலிக்கும்.

போர் தொடங்கும்போது நம் படையில் அதிகாரிகள் 16 பேர், மற்றவர்கள் 144 பேர். முடியும்போது மொத்தம் 28,500 பேர். கூடிய கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் உங்கள் அப்புச்சி மாதிரி தரையில் நின்றவர்கள்தான். ஹர்ஜிந்தர் சிங் என்று ஒருவர், தொடக்கத்திலேயே ஹவாய் சிப்பாயாக (விமானப்படையின் கடைநிலை வீரராக) சேர்ந்த ஃபிட்டர், பிற்பாடு ஏர் வைஸ் மார்ஷல் வரைக்கும் போனார். எங்கள் காலத்தில் ஒர்க்‌ஷாப்பில் அவர் பெயரைச் சொன்னாலே தனி மரியாதை.

ஏற்காட்டிலிருந்து

தம்பி கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா இங்கே காபி எஸ்டேட்டில் ரைட்டர். அவருடைய தம்பி கீழே சேலத்தில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, விமானப்படையில் வயர்லெஸ் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். எஸ்டேட் துரையின் பையனும் அதே சமயம் ராயல் ஏர் ஃபோர்ஸில் போனான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

துரை பையனைத் தேட எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தட்டினேன், கல்லறை எங்கே என்று வந்துவிட்டது. லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. அவன் கடைசியாகக் கிளம்பிய நேரம் நிமிஷக் கணக்கில் இருக்கிறது. இறங்கிய நேரத்துக்கான கட்டம் காலி. எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் சின்னத் தாத்தாவுக்கு ஒன்றரை வருஷம். அதே கல்லறை ஆணையத் தளத்தில் பெயரை எப்படிப் போட்டாலும் வரவில்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் விவரம் என்ற இடத்தில் 'சேலம்' என்று மட்டும் போட்டுப் பார்த்தேன். வேறு நாட்டுச் சேலங்களெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன! அவற்றுக்கு நடுவே எங்கள் கொள்ளுத் தாத்தா பெயரும் கொள்ளுப் பாட்டி பெயரும் 'இன்னாரின் மகன்' என்று நின்றன. இனிஷியலை முதல் பெயராக விரித்து, அவர் பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதிலும் ஒரு எழுத்தை விழுங்கி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடத்தில், கல்லறை இல்லாதவர்களுக்கான சுவரில், 24,000-க்கு மேற்பட்ட பெயர்களில் ஒன்றாக இருக்கிறார்.

முக்கியமாக எங்களுக்குக் கிடைத்தது தேதி. இத்தனை வருஷமாக நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்து எள் இறைத்தார்கள். தேதியை எடுத்துக்கொண்டு அப்பா கீழே இறங்கி ஜோசியரிடம் போனார். அவர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, பார்த்திப வருஷம், வைகாசி, தேய்பிறை ஏகாதசி என்று சொன்னார். இந்த வருஷம்தான் முதல் திதி. 82 வயதில் அப்பா, முகம் பார்த்திராத சித்தப்பாவுக்குப் பிண்டம் வைத்தார். வந்து மத்தியானம் முழுக்கப் பேசவில்லை, காபிச் செடிப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

ஆத்தூரிலிருந்து

நமக்கு ரெக்கார்டு கிக்கார்டு எதுவும் இல்லைங்க. உளுந்தூர்பேட்டை போகிற வழியில் போர்க்காலத்து ரன்வே ஒன்று சும்மா கிடக்கிறது. அதுக்கு ஜல்லி அடித்த மாட்டு வண்டியில் தாத்தாவும் ஒருத்தர் என்பார்கள். எங்களுக்கு அவ்வளவுதான் விமானப்படை. சூரமங்கலத்து ஐயா, ஜல்லி அடிச்சவங்களுக்கு ஏதாவது ஃபார்ம் உண்டுங்களா?

மறுபடியும் அம்மாப்பேட்டையிலிருந்து

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றிங்க. ஐயா சொன்னதை வைத்துக்கொண்டு, இந்த ஆராய்ச்சியில் இருக்கிற ஒரு நண்பர் மூலம் 8-ஆவது ஸ்குவாட்ரனின் பதிவேட்டில் சில பக்கங்கள் நகல் கிடைத்தது. ஐயா சொன்னபடியேதான், அப்புச்சி பெயர் இல்லை. பைலட்டும் பின்னால் உட்கார்ந்தவரும் ஜோடி ஜோடியாக வருகிறார்கள். அம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். கிளம்பின நேரம், இறங்கின நேரம். ஒவ்வொன்று முடிந்ததும் "இது வந்துருச்சா?"ன்னு கேட்டார். "வந்துருச்சும்மா" என்றேன். பெயர் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டபுள் மாரி கதையைச் சொன்னதும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நம்பரோடு டெல்லிக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். வந்தால் சொல்கிறேன்.

அப்புறம் அந்தத் திருநெல்வேலிக்காரர் தாள். கிழித்துப்போட மனசு வரவில்லை. அம்மா அதை ட்ரங்குப் பெட்டியில் அப்புச்சி சட்டைக்குப் பக்கத்திலேயே கவரில் போட்டு வைத்திருக்கிறார். சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் தெளிவாக இருக்கிறது. தெற்கே யாராவது தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தால் தகப்பனார் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சரியாக இருந்தால் அனுப்பிவைக்கிறேன்.