தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ‘குவார்ட்டர்’ என்றால் என்ன? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டர்பன் மருமகள்:
மாமனார் மதுரையிலிருந்து வந்த வாரம். சாட்ஸ்வொர்த்தில் பன்னி சௌ கடை (நடுவைக் குடைந்து குழம்பு ஊற்றிய ரொட்டிதான் பன்னி சௌ), வாசல்வரை வரிசை. எங்களுக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண், காசை நீட்டி "ஒன் குவார்ட்டர் மட்டன், ஆன்ட்டி" என்றாள். மாமா என் பக்கம் திரும்பி, "என்னம்மா இது, பச்சப் பிள்ளைக்கு ஊத்திக் கொடுக்கிறாங்களா?" என்றார். அடுத்தவர் ஹாஃப் கேட்டார், அதற்கடுத்தவர் ஃபுல். ஊரில் 180 மில்லியிலிருந்து 750 வரை பாட்டிலுக்கும் இதே பெயர்கள்தானே. இங்கே அது ரொட்டியின் அளவு என்று நான் சொல்வதற்குள் அவர் அவளிடமே போய் "உங்க அப்பா எங்கே பாப்பா?" என்று கேட்டுவிட்டார். ஒன்றும் புரியாமல் அவள் மிரண்டு பார்த்தாள். அச்சு அசல் நம் ஊர் முகம், ஒரு வார்த்தை தமிழ் தெரியவில்லை. அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பீனிக்ஸ்காரன்:
அக்கா, அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கியது முதல் எத்தனை தலைமுறை! காவடி எடுக்கிறார்கள், பேச்சுதான் ஆங்கிலமாகிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. பெரியா பக்கம் வீடு பார்க்கப் போனபோது ஏஜென்ட் "குவார்ட்டர்ஸும் இருக்கு" என்றார். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான், வேறெதையோ எதிர்பார்த்தேன். கொல்லைப்புறத்தில் ஓர் அறை, கட்டில் போட்டால் நிற்க இடமில்லை, எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். நிறவெறிக் காலத்தில் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இப்படிப்பட்ட அறைகளில்தான் கிடந்தார்கள். "சாமான் போட்டு வைக்கலாம்" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

வெரூலம் தம்பி:
அண்ணா சொல்வது சரி, ஆனாலும் அக்கா வருத்தப்பட்டது மொழிக்காக, அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. என்னைப் பார்க்க வந்த நண்பன் குவார்ட்டரைக்கூடக் கண்டுகொள்ளவில்லை, மட்டனைப் ‘பன்னி’ என்கிறார்களே என்று எழுந்து வெளியே போய்விட்டான்! பனியா வியாபாரிகளின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அக்கா, மாமாவை மறுபடி கூட்டிப்போங்கள். சைவமென்றால் பீன்ஸ் கேளுங்கள், ஒருவருக்குக் குவார்ட்டரே தாராளம். கரண்டி வேண்டாம். மேலே மூடியிருக்கும் ரொட்டித் துண்டைத்தான் முதலில் குழம்பில் தொட வேண்டும், அப்புறம் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்க வேண்டும். அடிப்பக்கம் கை வைத்தால் குழம்பு முழுக்க மடியில்தான்.