மாமனார் திதி: ஆறாம் மாதம் இரண்டு வந்தால் எதில் படைப்பது?

வணக்கம். பினாங்கில் இருக்கிறேன், கணவர் குடும்பம் ஹொக்கியன் சீனர்கள். நாள் பார்ப்பதெல்லாம் மாமியார்தான். அவர் போன பிறகு சுவரில் தொங்கும் கிழிக்கிற காலண்டரும் தடித்த ‘துங் ஷு’ பஞ்சாங்கமும் என் பொறுப்பாகிவிட்டன. கணவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், சீன எழுத்து தெரியாது.

ஓரளவு கற்றுக்கொண்டேன். பெரிய எண் ஆங்கிலத் தேதி, சின்ன எழுத்தில் இருப்பது சந்திர மாதத் தேதி. ‘யீ’ என்ற எழுத்தை ஒட்டி அன்று செய்யத் தக்கவை, ‘ஜி’யை ஒட்டித் தவிர்க்க வேண்டியவை. அன்றைய நாளோடு மோதும் விலங்கும் போட்டிருக்கும். அந்த விலங்கின் ஆண்டில் பிறந்தவர்கள், நாம் சந்திராஷ்டமத்துக்கு ஒதுங்குவதுபோல, அன்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

சிக்கல் இதுதான். மாமனார் இறந்தது 1987-இல், இரண்டாவதாக வந்த ஆறாம் மாதத்தில். சந்திர ஆண்டுக்கு 354 நாள்தான் என்பதால் 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும், தெலுங்கர்களின் அதிக மாசம் மாதிரி. மற்ற வருடங்களில் மாமியார் சாதாரண ஆறாம் மாதத்திலேயே படைத்துவிடுவார். 2017-இலும் 2025-இலும் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. 2017-இல் அவர் எதில் படைத்தார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. 2025-இல் நான் முதலாவதில் படைத்தேன். தப்பு செய்துவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது.

ஹொக்கியன் வீடுகளில் வழக்கம் என்ன? வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், பக்கத்து வீட்டு ஆ மாவிடம் (சீனப் பாட்டியிடம்) கேட்க முடிந்தவர்கள் சொல்லுங்கள். பஞ்சாங்கப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் படித்துச் சொல்லவும் யாராவது இருக்கிறீர்களா?