சிகிச்சை முடிந்தது, அப்புறம் யாரிடம் கேட்பது?

கேள்வி:
மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்து 14 மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. பரிசோதனைக்குப் போனால், “நோய் இல்லையே, சந்தோஷமாக இருங்கள்” என்று நாலே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். பிழைத்து வந்தவள் இதற்கெல்லாம் குறைப்படலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதில் 1:
கூச்சமே வேண்டாம் அக்கா. பாக்லிடாக்செல் போட்டார்களா? அது நரம்புகளைப் பாதிக்கக்கூடிய மருந்து. “மரத்துப் போகிறது” என்று நான் மொட்டையாகச் சொன்னவரை யாரும் காதில் வாங்கவில்லை. “சூடான பாத்திரத்தைத் தெரியாமல் இரண்டு முறை பிடித்துவிட்டேன்” என்று தேதியோடு எழுதிக் கொடுத்தேன். அன்றே பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். வலியும் இருந்தால், நரம்பு வலிக்குத் தரும் டியூலோக்செடின் மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

பதில் 2:
அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2005-லேயே, சிகிச்சை முடிப்பவர்களுக்குச் சிகிச்சைச் சுருக்கமும் தொடர் கவனிப்புத் திட்டமும் எழுத்தில் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேட்டு வாங்குங்கள். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து போட்டிருந்தால் அதன் மொத்த அளவும் அதில் இருக்கட்டும். அந்த மருந்தால் இதயப் பாதிப்பு பல வருடம் கழித்தும் வரலாம்.

கேள்வி கேட்டவர்:
டாக்சோரூபிசினும் போட்டார்கள். இதயத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை! சரி, இன்றிரவே எழுத உட்காருகிறேன். பேனா பிடிக்கவும் கஷ்டம்தான், மகளை எழுதச் சொல்கிறேன்.