தம்பியின் கஞ்சா வழக்கு: போலீசுக்குத் தகவல் சொல்லச் சம்மதிக்கலாமா?

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊர். போன மாதம் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த தம்பியிடம் ஒன்றரைக் கிலோ கஞ்சா பிடிபட்டது. ஒரு கிலோவைத் தாண்டியதால் 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இப்போது ஜாமீனில் இருக்கிறான்.

சரக்கு கொடுத்தவனைக் காட்டிக்கொடுத்து, அப்புறமும் அவ்வப்போது தகவல் சொன்னால் வழக்கை லேசாக்கித் தருவதாக ஒரு போலீஸ்காரர் சொல்கிறார். எல்லாம் வாய்வார்த்தைதான், எழுதித் தரமாட்டாராம். கொடுத்தவனோ பக்கத்துத் தெரு!

வக்கீலிடம் கேட்டோம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி வழக்கிலிருந்து விலக்குத் தரும் அதிகாரம் மத்திய, மாநில அரசுகளுக்குத்தான் என்றார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விசாரித்தோம். வக்கீல் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றார்கள். சரி, அதோடு நிற்கிறது.

குற்றப்பத்திரிகை போடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படித் தகவல் கொடுத்து, நீதிமன்றத்தில் உண்மையிலேயே தண்டனை குறைந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?